முறையும் காவலும்

ஊரார் உறங்கும் வேளையில் உறங்காதிருப்பது காவலர் கடமை. மழை பெய்து தெருவெல்லாம் நீர் பெருகி ஓடும் நள்ளிரவிலும் மதுரை நகரத்து ஊர்க்காவலர் சோர்வின்றிச் சுற்றிவந்தனர் என்று மதுரைக்காஞ்சி கூறுகின்றது. அந்நூல் எழுந்த காலந்தொட்டு இந்நாள்வரை அக்கடமை மாறவில்லை. திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய குழந்தையைத் தாயிடம் சேர்ப்பவர் காவலர். நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை மருத்துவமனைக்கு அனுப்புபவரும் அவரே. காவல் இல்லாத ஊரில் எளியோர்க்கு வாழ்வில்லை. அங்கே வலியோன் சொல்லே சட்டமாகிவிடும்.

ஆயினும் காவலர்க்கு நாம் அளித்திருக்கும் ஆற்றல் மிகப் பெரிது. ஒருவனை வழியில் நிறுத்தவும், அவன் உடைமையைச் சோதிக்கவும், அவனைப் பிடித்துக் கொண்டுபோய் அடைத்து வைக்கவும் அவர்க்கு உரிமை உண்டு. இவற்றை வேறொருவர் செய்தால் குற்றமாகும். காவலர் செய்தால் கடமையாகும். ஒரே செயல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் கடமையாகவும் ஆவது எதனால்? காவலர் உடுத்திருக்கும் உடையினாலா? கையில் ஏந்தியிருக்கும் தடியினாலா? இரண்டினாலும் அன்று. அவர் பின்பற்றும் முறையினாலேயே அவ்வேறுபாடு உண்டாகின்றது.

'முறை' என்னும் இச்சொல் எண்ணிப் பார்த்தற்கு உரியது. ஒரு செயலைச் செய்யும் ஒழுங்கினை முறை என்கிறோம். நீதியையும் நம் முன்னோர் முறை என்றே வழங்கினர். அரசன் நீதி வழங்குவதை 'முறை செய்தல்' என்றனர். தீங்கு உற்றவன் அரசனிடம் சென்று தன் குறையைச் சொல்வதை 'முறையிடுதல்' என்றனர். நீதிக்கும் அதனை அடையும் வழிக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி நம் மொழி. வழி கோணினால் நீதியும் கோணிவிடும் என்னும் உண்மை இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது. இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று சிலப்பதிகாரத்தில் உண்டு.

கோவலன் தன் மனைவியின் காற்சிலம்பு ஒன்றை விற்பதற்காக மதுரைக் கடைத்தெருவிற்குச் சென்றான். அங்கே அரண்மனைப் பொற்கொல்லனைக் கண்டான். அக்கொல்லனோ முன்னமே அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன். தன் களவு வெளிப்படுமுன் பழியை வேறொருவன் மேல் சுமத்திவிடக் கருதினான். கோவலனைத் தன் குடிலின் அருகே இருக்கச் செய்துவிட்டு அரசனிடம் விரைந்தான். அரசன் அவ்வேளையில் ஊடல் கொண்ட தேவியைத் தேடிச் சென்றுகொண்டிருந்தான். அவன் உள்ளம் வேறிடத்தில் இருந்தது. கொல்லன் கூற்றைக் கேட்டவுடன் ஊர்காப்பாளரை அழைத்தான். சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வருமாறு பணித்தான்.

அக்கட்டளையில் உள்ள குறைகளை நோக்குவோம். கையில் ஒரு சிலம்பு இருந்தால் அதுவே களவுக்குச் சான்றாகிவிடும் என்று அக்கட்டளை கொண்டது. அச்சிலம்பு யாருடையது என்று ஆராயுமாறு அதில் ஒரு சொல்லும் இல்லை. அதனைக் கையில் வைத்திருப்பவனைக் கேட்குமாறும் இல்லை. குற்றம் சாட்டியவன் சொல் ஒன்றே போதுமானதாயிற்று. சாட்டப்பெற்றவனுக்கு நாவே இல்லாமற் போயிற்று.

இனி ஊர்காப்பாளர் செய்ததைக் காண்போம். அவர்கள் அனைவரும் கொடியவர் அல்லர். கோவலன் தோற்றத்தைக் கண்டதும், 'இவன் கொலை செய்யத் தகும் கள்வன் அல்லன்' என்று அவர்களுக்கு ஐயம் எழுந்தது. அதனை வாய்விட்டும் கூறினர். கொல்லன் அவர்களை நோக்கி நகைத்தான். கள்வர் கையாளும் சூழ்ச்சிகளை எல்லாம் அடுக்கிச் சொல்லி அவர்களை அச்சுறுத்தினான். ஓர் இளைஞன் முன்னொருநாள் தன் கையிலிருந்து தப்பிய கள்வன் ஒருவனை நினைத்துக்கொண்டான். அரசன் ஆணையை நிறைவேற்றாவிடின் தமக்குத் துன்பம் வருமே என்று அஞ்சினான். இவ்வாறு அவர்கள் தயங்கிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, கள்ளுண்ட காவலன் ஒருவன் வாளை வீசிவிட்டான். கோவலன் வீழ்ந்தான்.

மதுரையின் அழிவுக்கு வித்து இடப்பட்ட இடம் இதுவே. நல்ல காவலர்க்கு ஐயம் இருந்தது; ஆனால் அந்த ஐயம் ஊன்றி நிற்பதற்கு ஓரிடம் இல்லை. 'ஐயம் எழுந்தால் இன்னாரிடம் தெரிவி. ஆராய்ந்து முடியும்வரை கை ஓங்காதே' என்னும் விதி ஒன்று இருந்திருக்குமாயின், ஐயுற்றவன் அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு நின்றிருப்பான். விதி இல்லாமையால் நல்லவர் தயங்கினர், குடித்தவன் முந்திக்கொண்டான். முறை இல்லாத இடத்தில் எப்போதும் நிகழ்வது இது. அங்கே அறிவுடையவன் பின்னிற்பான், ஆத்திரமுடையவனே தீர்ப்பளிப்பான்.

பின்னர்க் கண்ணகி அரசவை புகுந்து வழக்குரைத்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் அவள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். கோவலனிடமிருந்து பெற்ற சிலம்பு கொண்டுவரப் பெற்றது. கண்ணகி அதனை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. தானே கள்வன் என்று தன்னைப் பழித்துக்கொண்டு பாண்டியன் உயிர் துறந்தான். மாணவர்களே, அச்சிலம்பை உடைத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு நொடியே ஆயிற்று. 'உன் சிலம்பின் உள்ளே இருப்பது யாது?' என்னும் அவ்வொரு வினாவைக் கோவலனிடம் முன்னரே கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். ஓர் அரசன் பிழைத்திருப்பான். ஒரு நகரம் எரியாதிருந்திருக்கும்.

'முறை முறை என்று பார்த்துக்கொண்டிருந்தால் கள்வன் தப்பிவிடுவான்' என்று கூறுவார் இன்றும் உளர். அவர்கள் இக்கதையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். இக்கதையில் தப்பியவன் யாவன்? உண்மையில் களவு செய்த கொல்லன் அல்லனோ? ஆராயாமல் ஒறுத்தமையால் கள்வனே குற்றம் சாட்டுபவனாக நின்றான். குற்றமற்றவன் கள்வனாக மாண்டான். தவறான ஒருவனைத் தண்டித்த அன்றே உண்மைக் குற்றவாளியைத் தேடும் முயற்சி நின்றுவிடுகின்றது. ஆகவே முறை என்பது குற்றவாளிக்குக் காட்டும் சலுகை அன்று. குற்றவாளி இன்னான் என்று பிழையின்றிக் கண்டறியும் கருவியே அது.

சிலப்பதிகாரத்திலேயே இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அதனை மதுரை நகரின் காவல்தெய்வமே கண்ணகிக்குக் கூறுகின்றது. தங்கால் என்னும் ஊரில் வார்த்திகன் என்னும் அந்தணன் வாழ்ந்தான். அவன் மகனாகிய சிறுவனின் ஓதும் திறத்தைக் கண்டு மகிழ்ந்த பராசரன் என்பவன், அவனுக்கு அணிகலன்களைப் பரிசாக வழங்கிச் சென்றான். ஏழை வீட்டில் புதிய செல்வம் காணப்பட்டதும் சிலர்க்குப் பொறாமை உண்டாயிற்று. புதையற் பொருளைக் கவர்ந்தான் என்று பழி கூறி, அரசன் ஏவலர் வார்த்திகனைச் சிறையில் அடைத்தனர். அவன் மனைவி கார்த்திகை கதறி அழுதாள். கொற்றவை கோயிற் கதவு திறவாது நின்றது. அது கேட்ட அரசன் காரணத்தை வினவி, நடந்ததை அறிந்தான்.

அவ்வரசன் செய்தது யாது? ஏவலர் செய்த பிழை தனக்குத் தொடர்பில்லாதது என்று அவன் கூறவில்லை. தன் ஆட்சியில் நேர்ந்த பிழை தன் பிழையே எனக் கொண்டான். வார்த்திகனிடம் பொறுத்தருள வேண்டினான். தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். புதையல் கண்டெடுத்தவர்க்கே உரியது என்று முரசறைந்து, பிழைக்குக் காரணமான ஐயப்பாட்டையும் நீக்கினான். கோவலனுக்கு நேர்ந்த தீங்கைத் திருத்த இயலவில்லை. வார்த்திகனுக்கு நேர்ந்ததைத் திருத்த முடிந்தது. பிழை நேர்தல் மனித இயல்பு. நேர்ந்த பிழையைத் திருத்துவதற்கு வழி வைத்திருப்பதே நல்லாட்சியின் இலக்கணம்.

சிலம்பின் வரலாற்றில் மூன்றாவது பாடமும் உண்டு. கண்ணகியின் சினம் தணிப்பதற்காகக் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று நூல் கூறும். களவு செய்தவன் ஒருவன். உயிர் இழந்தவர் ஆயிரவர். ஒருவன் செய்த குற்றத்தை அவன் பிறந்த குடியின் மேல் ஏற்றுவது முறைகேடுகளுள் மிகக் கொடியது. இது பழங்கதையோடு ஒழிந்ததன்று. 1871ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று நாம் வழங்கும் சட்டத்தை இயற்றினர். 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் உரியதாயிற்று. அதனால் சில குடிகளிற் பிறந்தவர் அனைவரும், தாம் ஒரு தவறும் செய்யாதிருந்தும், பிறப்பினாலேயே ஐயத்திற்கு உரியவர் ஆயினர். அவர்களுடைய கைரேகைகள் பதிவு செய்யப்பெற்றன. இரவு நேரங்களில் காவலர் முன் வந்து இருக்குமாறும் பலர் கட்டாயப்படுத்தப்பெற்றனர். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் இப்பதிவை மறுத்து நின்றபோது, 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பலர் உயிர் இழந்தனர். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீக்கப்பெற்றது. காவலர் ஒருவர் செயலை ஆராயலாம். பிறப்பை ஆராய்தல் ஆகாது என்பது இதனால் நாம் கற்கும் பாடம்.

நம் நாட்டில் காவலுக்கு முறை வகுக்கப்பெற்ற வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும். கம்பெனியார் ஆட்சியில் சென்னை மாகாணத்து வட்டங்களில் வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே அலுவலர் கையில் இருந்தன. வரி கொடாதவனை வருத்துவதும், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை ஒருவனைத் துன்புறுத்துவதும் வழக்கமாயின. இச்செய்தி கடல் கடந்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலும் எழுந்தது. அதன் பயனாக 1854இல் சென்னையில் ஓர் ஆணையம் அமைக்கப்பெற்றது. மக்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து அவ்வாணையத்திடம் தம் துன்பங்களைக் கூறினர். துன்புறுத்தல் நடைபெற்றது உண்மையே என்று 1855இல் ஆணையம் அறிக்கை அளித்தது. அதன்பின் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல்துறை தனித்துறையாக ஒழுங்கு செய்யப்பெற்றது.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் மேலும் ஒரு வரம்பு கட்டியது. குற்றம் சாட்டப்பெற்ற ஒருவன் காவல் அலுவலரிடம் 'யான் குற்றம் செய்தேன்' என்று கூறிய ஒப்புதலை அவனுக்கு எதிராக மெய்ப்பித்தல் கூடாது என்பதே அவ்வரம்பு. வலியினால் வாங்கும் சொல் உண்மையன்று. அடி தாங்காதவன் செய்யாததையும் செய்ததாகக் கூறுவான். ஒப்புதலால் பயன் இல்லை என்று ஆகிவிடின் அடிப்பதற்கும் காரணம் இல்லாமற் போகும். இதுவே அவ்விதியின் நுட்பம். 2023இல் இயற்றப்பெற்று 2024 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி இடம் பெற்றுள்ளது.

1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. கைது செய்யப்பெற்றவனுக்கு அதற்குரிய காரணத்தைத் தெரிவித்தல் வேண்டும். அவன் தான் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்துகொள்ள இடம் தருதல் வேண்டும். வழிப்பயண நேரம் நீங்க 24 மணி நேரத்திற்குள் அவனை நடுவர் முன் கொண்டு நிறுத்துதல் வேண்டும். தடுப்புக் காவல் முதலிய சில விலக்குகள் ஒழிய, இவ்வுரிமைகள் எல்லார்க்கும் உரியன என்று அதன் 22ஆம் உறுப்பு கூறுகின்றது. தனக்கு எதிராகத் தானே சான்று கூறுமாறு எவனையும் வற்புறுத்தல் கூடாது என்பது 20ஆம் உறுப்பு. சட்டம் வகுத்த நெறியால் அன்றி ஒருவனது உயிரையோ தனி உரிமையையோ பறித்தல் கூடாது என்பது 21ஆம் உறுப்பு. அந்நெறி பெயரளவில் இருந்தால் போதாது, நேர்மையும் நியாயமும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று.

ஏட்டில் எழுதிய உரிமை நாட்டில் நடைபெறுவதற்கு மக்களின் விழிப்பும் வேண்டும். மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி. கே. பாசு என்பவர், காவலில் வைக்கப்பெற்றவர் இறந்துபோவதைப் பற்றிய செய்தித்தாள் குறிப்புகளைக் கண்டு மனம் வருந்தி, 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே வழக்காக ஏற்றுக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1996 டிசம்பர் 18ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. கைது செய்யும்போது பின்பற்றவேண்டிய பதினொரு விதிகளை அத்தீர்ப்பு வகுத்தது.

அவ்விதிகளுட் சில வருமாறு: கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியுமாறு அணிந்திருத்தல் வேண்டும். கைது செய்த நாளும் நேரமும் குறித்த ஒரு குறிப்பை அவ்விடத்திலேயே எழுதி, குடும்பத்தாரோ ஊரில் மதிக்கத்தக்கவரோ ஆகிய ஒருவரைச் சான்றாகக் கையொப்பமிடச் செய்தல் வேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி சேர்ப்பித்தல் வேண்டும். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் சோதித்தல் வேண்டும். இவை சிறிய செயல்களாகத் தோன்றலாம். ஆயினும் இவற்றின் உட்பொருளை உன்னுங்கள். பெயர் தெரிய நிற்பவன் தவறு செய்ய நாணுவான். நேரத்தை எழுதி வைத்தபின் பொய்க்கணக்குக் காட்டுதல் அரிது. வீட்டார்க்குச் செய்தி தெரிந்தபின் அடைபட்டவன் உலகினின்று மறைந்துபோகான். ஒவ்வொரு விதியும் இருட்டில் ஏற்றி வைத்த ஒரு விளக்கு ஆகும்.

இனி, முறையோடு நடத்தல் காவலர்க்குத் தரும் பயன் யாது என்பதை ஆராய்வோம். மக்கள் எதனால் சட்டத்திற்கு அடங்குகின்றனர்? தண்டனைக்கு அஞ்சியே என்று பலரும் கருதுவர். டாம் டைலர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் 1984இல் சிகாகோ நகரத்து மக்கள் 1,575 பேரை வினவி, இக்கருத்தை ஆராய்ந்தார். 1990இல் தம் முடிவை நூலாக வெளியிட்டார். தண்டனை அச்சத்தைக் காட்டிலும், அதிகாரம் நேர்மையானது என்னும் எண்ணமே மக்களைச் சட்டவழியில் நிறுத்துகின்றது என்று அவர் கண்டார். அவ்வெண்ணம், தமக்கு வெற்றி கிடைத்ததா தோல்வி கிடைத்ததா என்பதைவிடத் தாம் நடத்தப்பெற்ற விதத்தையே பெரிதும் பற்றியது. தம் தரப்பைக் கூற இடம் கிடைத்ததா? அலுவலர் ஒருபாற் கோடாது நடந்தாரா? தம்மை மதிப்புடன் நடத்தினாரா? நம் நன்மையைக் கருதுபவர் இவர் என்னும் நம்பிக்கை தோன்றிற்றா? இந்நான்கினையும் கொண்டே மக்கள் காவலரை மதிப்பிடுகின்றனர்.

ஆஸ்திரேலிய நாட்டுக் குவீன்சுலாந்து மாநிலத்தில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் இதனைச் சோதித்துப் பார்த்தனர். வண்டி ஓட்டுபவர் மது அருந்தியுள்ளாரா என்று காவலர் சாலையில் நிறுத்திச் சோதிப்பது அங்கு வழக்கம். சில இடங்களில் வழக்கம்போலச் சோதித்தனர். வேறு சில இடங்களில், நிறுத்திய காரணத்தை எடுத்துக் கூறி, எல்லாரையும் ஒத்த முறையில் நிறுத்துவதை விளக்கி, அவர்தம் கருத்தையும் கேட்டு, நன்றி கூறி அனுப்பினர். இவ்வாறு நடத்தப்பெற்றோர் காவலர் பால் மிகுந்த நன்மதிப்புக் கொண்டனர். ஆனால் பின்னர் ஸ்காத்துலாந்தில் இதே முறையைச் சோதித்தபோது அப்பயன் கிட்டவில்லை. அச்செயலில் ஈடுபடுத்தப்பெற்ற காவலர்க்கே மேலிடத்தார் போதிய விளக்கம் தாராது கட்டளையிட்டமையும், அதனால் அவர் மனம் சலித்தமையும் காரணங்களாகக் கூறப்பெற்றன. எழுதிக் கொடுத்த இன்சொல் உதட்டளவில் நின்றுவிடும். தம் துறையில் முறையோடு நடத்தப்பெறும் காவலரே மக்களிடத்தும் மனமார முறையோடு நடப்பர். ஓய்வின்றி உழைப்பவர்க்கு ஓய்வும், குறை உடையவர்க்குக் கேட்கும் செவியும் அளிப்பது அரசின் கடமை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

'காவல்' என்னும் சொல்லையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். ஊரைக் காப்பதும் காவல். குற்றம் சாட்டப்பெற்றவனை அடைத்து வைப்பதும் காவலே. 'அவன் காவலில் இருக்கிறான்' என்கிறோம். அவன் உயிரும் உடலும் இப்போது காவலர் காப்பில் உள்ளன என்பதே அதன் நேர்ப்பொருள். வெளியில் இருப்பவன் தன்னைத் தான் காத்துக்கொள்வான். அடைபட்டவனுக்கு வேறு காப்பு இல்லை. ஆதலின் காவலில் இருப்பவன் ஒருவன் துன்புறுத்தப்படுவானாயின், அச்சொல்லே பொருள் இழந்துபோகின்றது.

அவ்வாறு பொருள் இழந்த நாள்கள் நம் காலத்திலும் உண்டு. 2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் வைக்கப்பட்டபின் உயிர் இழந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. காவல்நிலையத்திற்கே சென்று ஆராயுமாறு நீதித்துறை நடுவர் ஒருவரை அனுப்பிற்று. அந்நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்தினிடையே, தாம் கண்டதை நடுவரிடம் கூறினார். அவருக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வு அமைப்பிடம் ஒப்படைக்கப்பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், நாட்டின் காவல்நிலையம் ஒவ்வொன்றிலும் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்துமாறு கட்டளையிட்டது.

கோவலனைக் கண்டு ஐயுற்ற காவலரை நினைவுகூருங்கள். அவர்களுடைய ஐயத்தைக் கேட்பதற்கு அன்று ஒருவரும் இல்லை. இப்பெண் காவலர் கண்டதைக் கேட்பதற்கு ஒரு நடுவர் வந்தார். அவரை அனுப்ப ஒரு நீதிமன்றம் இருந்தது. மாண்டவர் மீளவில்லை என்பது உண்மை. ஆனால் உண்மை கூறத் துணிந்தவர்க்கு நிற்க ஓரிடம் இருந்தது. முறை என்பது இவ்விடத்தின் பெயரே ஆகும்.

இப்பாடத்தை முடிக்குமுன் என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையும் கூறிவிடுகின்றேன். யான் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்கக் காலத்தில் ஒருநாள் வகுப்பில் மாணவன் ஒருவனது மைப்பேனா காணாமற் போயிற்று. பின்வரிசையில் இருந்த ஏழைச் சிறுவன் ஒருவன் மேல் சிலர் ஐயம் கூறினர். யான் அவனை ஒரு சொல்லும் கேளாது, அவன் புத்தகப் பையை வாங்கி அனைவர் முன்னிலையிலும் மேசைமேல் கவிழ்த்தேன். இரண்டு புத்தகங்களும், பாதி எழுதிய ஒரு குறிப்பேடும், மடித்து வைத்த ஒரு கைத்துண்டும் விழுந்தன. பேனா இல்லை. மறுநாள் அது இழந்தவன் வீட்டிலேயே கிடைத்தது. 'பேனாதான் இல்லையே, பை திரும்பக் கிடைத்துவிட்டதே' என்று யான் அன்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அச்சிறுவன் அவ்வாண்டு முழுவதும் என் வகுப்பில் ஒருமுறையேனும் கையுயர்த்தி விடை கூறவில்லை. அவன் குற்றமற்றவன் என்பது எல்லார்க்கும் தெரிந்திருந்தது. அவன் தலை மட்டும் நிமிரவில்லை. முடிவு சரியாக அமைந்தாலும் முறை தவறினால் உண்டாகும் காயம் எத்தகையது என்பதை எனக்குக் கற்பித்தவன் அவனே. அவனிடம் யான் மன்னிப்பு வேண்டியிருக்கலாம். அந்நாளில் அது எனக்குத் தோன்றவில்லை.

மாணவர்களே, உங்களுட் சிலர் நாளை காவலர் ஆவீர். சிலர் நடுவர் ஆவீர். பலர் குடும்பத்தையும் அலுவலகத்தையும் நடத்துவீர். எங்கிருப்பினும் ஒருவர் மேல் பழி வரும்போது, முதலில் அவர் சொல்லைக் கேளுங்கள். வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராது ஆராயுங்கள். ஆராயும்போதும் அவர் மானத்தைக் காத்து நில்லுங்கள். பிழை செய்துவிட்டதாக உணர்ந்தால், வார்த்திகன் முன் நின்ற பாண்டியனைப்போலப் பொறுத்தருள வேண்டத் தயங்காதீர்கள். முறையோடு கூடிய காவலே காவல். முறை நீங்கிய காவல் வெறும் வலிமையே.

வினாக்கள்

1. 'முறை' என்னும் சொல் இருபொருள் உடையதாய் இருப்பதால் விளங்கும் உண்மை யாது?
2. கோவலனைக் கொல்லுமாறு இட்ட கட்டளையில் இருந்த குறைகள் யாவை?
3. வார்த்திகன் வரலாற்றையும் கோவலன் வரலாற்றையும் ஒப்பிட்டு எழுதுக.
4. கைது செய்யும்போது பின்பற்றவேண்டிய விதிகளுள் நான்கனைக் கூறி, அவற்றின் பயனை விளக்குக.
5. ஒருவர் மேல் பழி சுமத்தப்பட்டதை நீங்கள் நேரிற் கண்ட நிகழ்ச்சி ஒன்றை எழுதி, அங்கே முறை பின்பற்றப்பட்டதா என ஆராய்க.